வியர்வை தெரியாத ஊரில் ஸ்பேனர் பிடிப்பது

பெகு, தட்டோன், மோல்மேன், ரங்கூன் பக்கம் மெக்கானிக் பட்டறையில் தொழில் பழகிய நம் தமிழ்ப் பிள்ளைகள் மாகுவே, சாவ்க், மெய்க்திலா என்று மேல் பர்மாவுக்கு வேலைக்குப் போனால், முதல் வாரம் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "இங்கே வெயில் அதிகம்தான், ஆனால் வியர்க்கவே இல்லை, ரங்கூனைவிட வேலை செய்ய லேசாக இருக்கிறது." அந்தப் பேச்சைக் கேட்டால் பயப்பட வேண்டும். வியர்வை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டையை நனைக்கும் முன்பே காற்று அதைக் குடித்துவிடுகிறது. மாலையில் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும்.

அரக்கான் மலைத்தொடர் மழை மேகத்தைத் தடுத்துவிடுவதால் நடு பர்மாவில் இந்த வறண்ட பூமி உண்டாகியிருக்கிறது. மார்ச்சில் தொடங்கி மே கடைசிவரை வெயில் அடித்து நொறுக்கும். 2024 ஏப்ரல் 28 அன்று சாவ்க்கில் 48.2 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளிலும் லாரி நடுவழியில் நிற்கும், ஆற்றங்கரை பம்பு இறுகும், யாராவது அடியில் படுத்துத்தான் ஆக வேண்டும்.

வறண்ட சூடும் புழுக்கமான சூடும் வேறு வேறு. இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். ரங்கூனில் 36 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்று வையுங்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி அங்கே சுமார் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. சாவ்க்கில் 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் அதே வெப்பமானி சுமார் 22 டிகிரிக்கு இறங்கிவிடும். ரங்கூனில் ஈரத் துண்டு போர்த்தினால் கசகசப்புதான் மிச்சம். மேல் பர்மாவில் அதே துண்டு, குளிர்சாதனம் மாதிரி வேலை செய்யும். சாலையோரத்தில் பர்மியர்கள் புண்ணியத்துக்கு வைக்கும் தண்ணீர்ப் பானை அந்த வெயிலிலும் சில்லென்று இருப்பதும் இதனால்தான். பானையின் வெளிப்புறம் கசிந்து கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கிறது.

தோலாஜி என்ற பண்ணை வண்டி ஓட்டும் எந்த விவசாயிக்கும் இது தெரியும். அந்த ஒற்றை சிலிண்டர் சீன டீசல் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. மேலே திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதில்தான் எஞ்சின் தப்பிக்கிறது. தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை கீழே இறங்கியதைப் பார்க்காமல் விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மனித உடம்பும் இந்தத் தொட்டி எஞ்சின் ஜாதிதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் எஞ்சினுக்கு இருக்கும் மிதவை நமக்கு இல்லை. தாகம் மிதவை மாதிரி வேலை செய்யும் என்று நம்பக் கூடாது, அது எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதனால் வறண்ட பூமியில் குடிப்பதும், நனைப்பதும், நிழலில் உட்காருவதும் கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும்.

நனைப்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் நம் ஆட்கள் குறைவாகச் செய்கிறார்கள். முழுக்கை வைத்த, தளர்வான, வெளிர் நிறப் பருத்திச் சட்டை. பனியனோடு வேலை செய்தால் குளிர்ச்சி என்று நினைப்பது தப்பு. 42 டிகிரியில் காற்று தோலைவிடச் சூடு, வெயில் அதற்கு மேல். திறந்த தோல் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். சட்டையின் முதுகையும் நெஞ்சையும் தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் போட்டுக்கொள்ளுங்கள். காற்றடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனையுங்கள். தலையில் ஒரு துண்டு, அதன் மேல் கமௌக் தொப்பி. அந்த மூங்கில் தொப்பி தலையை ஒட்டி உட்காராது, இடையில் காற்றுப் போகும். வண்டிக்கு அடியில் போகும்போது மட்டும் அதைக் கழற்றிவிட்டு நெற்றியில் துணிப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். வியர்வை கண்ணில் இறங்கி, டீசல் கையால் துடைத்தால் கண் அரை மணி நேரம் திறக்காது.

நைலான் ஜெர்சி வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொள்ளும், தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு சேர்ந்துவிடும். லோஞ்சி என்ற பர்மியக் கைலி காற்றோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் சுற்றும் சாமான் பக்கத்தில் லோஞ்சி எமன். பெல்ட், ஃபேன், பம்பு ஷாஃப்ட் எதுவாக இருந்தாலும் கால்சட்டை போடுங்கள். இல்லையென்றால் இறுக்கித் தாறு பாய்ச்சிக் கட்டுங்கள். கழுத்தில் போட்ட ஈரத் துண்டின் முனை இரண்டையும் சட்டைக்குள் செருக வேண்டும். தொங்கும் துண்டு ரேடியேட்டர் ஃபேனில் மாட்டினால் கழுத்தோடு இழுக்கும். பர்மியர்கள் முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைப் பற்றிக் கேட்பார்கள். கன்னத்தில் குளுமையாக இருக்கும், நல்ல பழக்கம்தான், ஆனால் தொப்பிக்கு மாற்று ஆகாது.

ஃபேன் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்றை உலர்ந்த உடம்பின் மேல் அடித்தால் அடுப்பு ஊதின மாதிரி, உடம்பு இன்னும் சூடாகும். சட்டை நனைந்திருந்தால் அதே காற்று குளிர்விக்கும். ஆகவே தண்ணீர் முதலில், ஃபேன் பிறகு. கரண்ட் வராத நேரத்துக்கு 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை ஒற்றை பேட்டரியில் ஓட்டலாம். லாரியின் இரண்டு பேட்டரியும் சேர்ந்தால் 24 வோல்ட், அதில் நேராக மாட்டினால் ஃபேன் போய்விடும். ஃபேனுக்கு ஒரு முழம் தள்ளி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அந்த வழியாகக் காற்று வரும்படி வைத்தால் இன்னும் நல்லது.

குடிக்கும் தண்ணீருக்கு வருவோம். வேலை நடக்கும் நேரத்தில் 15-லிருந்து 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், கிட்டத்தட்ட கால் லிட்டர். மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தொடாதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, மயக்கம் வரும். பார்ப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது ஆபத்து. மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும் வேலையில் இடையிடையே உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் போக வேண்டும். ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான். வறண்ட பூமி முழுக்கப் பனங்காடு, கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. அரை விசை (சுமார் 800 கிராம்) வாங்கி இடித்து டப்பாவில் போட்டுக்கொண்டால் சர்க்கரைக்குப் பதில் அதையே போடலாம். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் காலையில் குடித்துவிட்டு இறங்குவது நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள பழக்கம், அதை விட வேண்டாம். மோரும் நல்லது. டீக்கடை ஃப்ளாஸ்க்கில் சும்மா வைத்திருக்கும் வெறும் தேநீரும் சரிதான். கள் கூடாது, முந்தின இரவு குடித்ததும் மறுநாள் வெயிலில் கணக்குக் கேட்கும். எனர்ஜி டிரிங்க் பாட்டிலை மட்டும் நம்பி இறங்குவதும் அதே கதை.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று தெரிய இரண்டு வழி. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, கடுகெண்ணெய் நிறத்துக்குப் போனால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். பட்டறையில் தராசு இருந்தால் காலையிலும் வேலை முடிந்தும் நிறுத்துப் பாருங்கள். 60 கிலோ ஆள் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் நாளைக்கு அளவைக் கூட்ட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சளி, அலர்ஜி மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த வெயில் வேலைக்கு வர வேண்டும். சில மாத்திரைகள் வியர்வையையே அடைத்துவிடும்.

வெளியூர் வேலைக்குப் புறப்படும்போது இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு நாங்கள் ஏற்றும் கணக்கு: குடிக்க 20 லிட்டர், நனைக்க 20 லிட்டர், எஞ்சினுக்குத் தனியாக 10 லிட்டர். மூன்றும் மூன்று நிற கேனில். கூலண்ட் என்ற எஞ்சின் குளிர்விக்கும் திரவம் வந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் குடிதண்ணீருக்கு எடுக்கக் கூடாது. கூலண்ட் இனிக்கும், விஷம்.

கீழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் தம்பியை முதல் நாளே முழு நேரம் அடியில் படுக்க வைப்பது கொடுமை. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகினால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்புக் குறைவாகப் போகும். முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போய் ஐந்தாம் நாள் முழு வேலை. ஏற்கெனவே பழகிய ஆள் பண்டிகைக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் பழக்கம் தளர்ந்திருக்கும். அவருக்குப் பாதியில் தொடங்கி நான்கு நாளில் முழுசுக்கு வரலாம். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா ஏப்ரல் நடுவில் வருகிறது, ஆட்கள் திரும்பி வருவது வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில். அந்த வாரம் மேஸ்திரிகள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

வேலை நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து பத்து. பிறகு மாலை நான்குக்கு மேல். நடுவில் நிழலில் உட்கார்ந்து செய்யும் சாமான் வேலை மட்டும்: இன்ஜெக்டர் கழுவுவது, வால்வு தேய்ப்பது, கேஸ்கெட் வெட்டுவது. பத்து மணிக்கு வரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். "அண்ணே, எஞ்சின் ஆறட்டும், நாலு மணிக்குத் தொட்டால் ஆறு மணிக்கு முடிந்துவிடும்" என்று சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. சூடான எஞ்சினில் மத்தியானம் செய்கிற வேலை பெரும்பாலும் இரண்டு தடவை செய்கிற வேலையாகத்தான் முடியும்.

நடுரோட்டில் நின்றுவிட்டால் வண்டியை உருட்ட முடிகிற வரை உருட்டி, அதன் நிழலே வேலை செய்யும் பக்கத்தில் விழும்படி நிறுத்துங்கள். தார்ப்பாயை வண்டியின் மேல் விளிம்பிலிருந்து சாய்வாகக் கட்டி, மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடைத்துக் கட்டினால் சூடு உள்ளேயே தங்கி, வெயிலில் இருப்பதே மேல் என்று ஆகிவிடும். இரண்டு தார்ப்பாய் இருந்தால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரு சாண் விட்டுக் கட்டுங்கள், மேல் பாய் கொதித்தாலும் கீழ்ப் பாய் கொதிக்காது. தரையைச் சும்மா விடாதீர்கள். சிமென்ட்டும் தாரும் காற்றைவிட இருபது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், படுத்தால் முதுகு வாங்கிக்கொள்ளும். தரையில் தண்ணீர் தெளித்து, தடித்த மூங்கில் பாய் விரித்து, அதன் மேல் ஈரச் சாக்கு. அடியில் ஒரே மூச்சாக 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தார் ரோட்டில் ஜாக்கி வைக்கும்போது ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டு அங்குலக் கனமுள்ள மரப்பலகை அவசியம். மதிய வெயிலில் தார் வெண்ணெய் மாதிரி இளகியிருக்கும். தூக்கும்போது தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து ஜாக்கி ஒரு பக்கம் புதைந்து சாயும். ஸ்டாண்டுக்கும் அதே பலகை.

உடம்பு ஈரம், கை காய்ந்தது. இதைப் புதுத் தம்பிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நனைந்த கையுறையோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்தால் உள்ளிருக்கும் ஈரமே ஆவியாகி அவித்துவிடும், உலர்ந்த கையுறையைவிட வேகமாகச் சுடும். பருத்திக் கையுறை இரண்டு ஜோடி, ஒன்று கையில், ஒன்று காயட்டும். ஸ்பேனரை வெயிலில் போட்டு எடுத்தால் கொப்புளம்தான். பெட்டியை நிழலில் வைத்து மேலே வெள்ளைத் துணி போடுங்கள், அடிக்கடி எடுக்கும் ஸ்பேனர்களுக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். வியர்வை சொட்டும் இடமும் கவனம்: திறந்த பேரிங்கில் உப்பு வியர்வையின் விரல்ரேகை பட்டால் இரண்டு நாளில் அதே ரேகை துருவாகத் தெரியும். தொட்ட பேரிங்கை டீசலில் கழுவி உடனே எண்ணெய் பூசுங்கள்.

ஆர்க் வெல்டிங் மட்டும் இந்த நனைக்கும் கணக்கிலிருந்து விலக்கு. நனைந்த சட்டை, வியர்த்த கையுறை, ஈரச் சாக்கு மேல் முழங்கால், கையில் எலக்ட்ரோடு ஹோல்டர் என்றால் மின்சாரம் நேராக உடம்புக்குள் போகும். வெல்டிங்கை விடியற்காலைக்கு ஒதுக்குங்கள். உலர்ந்த உடை, உலர்ந்த தோல் கையுறை, உலர்ந்த பலகை மேல் நிற்பது. பத்து நிமிடம் பிடித்தால் பத்து நிமிடம் தோல் ஏப்ரனைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். எல்லாம் காய்ந்து கிடக்கும் காலம் அது, பொறி விழும் பக்கம் ஒரு வாளித் தண்ணீர் நிற்கட்டும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனாலும் வருடா வருடம் முகம் வெந்தவர்கள் வருகிறார்கள். 13 பவுண்டு அழுத்த மூடி தண்ணீரின் கொதிநிலையை சுமார் 118 டிகிரிக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறது. மூடியைத் திறந்த நொடி அழுத்தம் போய், உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் தொடாதீர்கள். மெத்தென்று ஆகும்வரை, முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, நிழலில் உட்காருங்கள். பிறகு தடித்த துணி போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஓசை நின்ற பின் கழற்றுங்கள். தண்ணீரை எஞ்சின் மெதுவாக ஓடும்போது தம்ளர் தம்ளராக ஊற்றுங்கள், காய்ந்த சிலிண்டர் ஹெட்டில் வாளியோடு ஊற்றினால் வெடித்துவிடும். காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் இடுக்கில் தூசியும் எள் உமியும் அடைந்திருப்பதுதான். காற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே ஊத வேண்டும், முன்பக்கமிருந்து ஊதினால் இன்னும் உள்ளே இறுகும்.

டயர் காற்றை விடியற்காலையில் மட்டும் அளந்து பாருங்கள். ரங்கூன்–மாந்தளை சிமென்ட் சாலையில் ஓடி வந்த சூட்டில் கூடுதலாகக் காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிட்டால், ஆறியதும் குறைந்துபோய், அடுத்த ஓட்டத்தில் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஸ்ப்ரே டப்பாக்களின் மேலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருக்கும். மூடிய கேபினுக்குள் அது சாதாரணமாகத் தாண்டும்.

அளவெடுப்பதில் வெயில் செய்யும் குழப்பம் பலருக்குத் தெரியாமலே எஞ்சினைத் தின்றுவிடுகிறது. 100 மி.மீ விட்டமுள்ள அலுமினிய பிஸ்டன் 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.04-லிருந்து 0.05 மி.மீ வரை பெரிதாகும். வார்ப்பிரும்பு சிலிண்டர் துளை அதில் ஏறக்குறைய பாதிதான் விரியும். பிஸ்டன் வெயிலில், எஞ்சின் பிளாக் நிழலில், மைக்ரோமீட்டர் சட்டைப் பையில் என்றால் இடைவெளிக் கணக்கு மூன்றும் மூன்று கதை சொல்லும். மூன்றையும் இரவு முழுக்க ஒரே மேசையில் வைத்துவிட்டு, விடிந்ததும் அளந்து பாருங்கள்.

தனியாக வேலை செய்யாதீர்கள். கூட இருப்பவர் பார்க்க வேண்டியது வியர்வையை அல்ல, கையை. 17-ம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் 14 எடுத்துக் கொடுப்பது, போல்ட்டைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவது, மரையைக் கோணலாக ஏற்றுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. மூளை சூடாகத் தொடங்கிவிட்டதன் முதல் அடையாளம் இவைதான். திட்டாமல் வெளியே இழுத்து, நிழலில் உட்கார வைத்து, நனைத்து, குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் அன்றைக்கு வேலை அவருக்கு முடிந்தது.

பேச்சுக் குழறினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தவறினாலோ அது வெப்பத் தாக்கு. உடம்பு வியர்த்திருந்தாலும் அதுதான். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று காத்திருந்து உயிர் போனவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒருவர் போன் செய்யட்டும், மற்றவர் குளிர்விக்கட்டும். வண்டி வரட்டும் என்று சும்மா நிற்கக் கூடாது. உடையைக் களைந்து, கேனில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். பக்கத்தில் தொட்டியோ பீப்பாயோ இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை இறக்குங்கள். ஐஸ் கிடைத்தால் அக்குள், தொடை இடுக்கு, கழுத்து. நினைவு தெளிவில்லாதவர் வாயில் சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. ஏறும் வண்டியிலும் நனைத்து விசிறுவது நிற்கக் கூடாது. தெளிந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், சிறுநீரகமும் ஈரலும் அடி வாங்கியது பிறகுதான் தெரியும். டாக்டர் சொல்லும்வரை அவரை வெயில் வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

மாலை வேலை இரவுக்கு நீளும்போது இன்னொன்று சேர்கிறது. நனைத்த தரையும் ஈரச் சாக்கும் பகலில் நமக்குக் குளுமை, இருட்டினால் தவளைக்கும் அதே குளுமை. தவளைக்குப் பின்னால் பாம்பு வரும், வறண்ட பூமி வயலோரங்களில் கண்ணாடி விரியன் சாதாரணம். இருட்டும் முன் ஈரச் சாக்கைச் சுருட்டி வண்டி மேல் போட்டுவிடுங்கள், பாயைத் தூக்கி உதறுங்கள், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் கையை நீட்டும் முன் டார்ச் வெளிச்சம் நான்கு சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரு தடவை போய் வரட்டும்.